பெட் இருக்கிறதா?

கேள்வி – பதில்

கல்கத்தாவின் ஜாதவ்பூர், டாக்குரியா, லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருத்துவமனை எமர்ஜென்சி பற்றியவை. ஊரிலிருக்கும் வாசகர்களும் சேர்ந்துகொண்டதால், இந்த முறை முழுக்க அதே பேச்சு.

ஒரு இல்லத்தரசி, ஜாதவ்பூர்: ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு தயாராக இருக்கிறதா என்று வெளி ஆட்களான நாம் எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே நுழைந்ததும் உங்களிடம் முதலில் பேசுவது யார் என்று பாருங்கள். விலாசமும் இன்ஷூரன்ஸும் கேட்கும் கவுண்டர்க்காரரா, நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் நர்ஸா? தயாராக இருக்கும் கேஷுவாலிட்டியில் நர்ஸ்தான் முதலில் வருவார். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு எல்லாவற்றையும் ஓரிரு நிமிடத்தில் பார்த்து சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று முடிவு செய்வார். சிவப்பு என்றால் சீட்டுப் போடுவதெல்லாம் பிறகு. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்திருக்கவும் வேண்டும். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கெடு அது.

இன்னொன்று, கேட்டால்தான் தெரியும். உயிர் காக்கும் மருந்துகள் இருக்கும் தள்ளுவண்டியை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அட்ரினலின் காலாவதி ஆகிவிட்டதா, தொண்டைக்குள் குழாய் விடும் கருவியின் விளக்கு எரிகிறதா, டிஃபிப்ரிலேட்டரில் சார்ஜ் இருக்கிறதா, சிலிண்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வாசல் பளிங்கைவிட அந்தத் தாளைத்தான் நான் நம்புவேன்.

கல்லூரி மாணவர், ஜாதவ்பூர்: எனக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கூட்டிப் போனார்கள். இது நியாயமா?

நியாயம். நடந்து வந்து, வரிசையில் நின்று, கோபப்படவும் உங்களால் முடிந்தது. உங்கள் உயிருக்கு அப்போது ஆபத்து இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற அறுவை மருத்துவர், காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தார். தளபதியும் சிப்பாயும் ஒரே வரிசை. எந்த மருத்துவமனையில் அமைச்சரின் மைத்துனர் அந்த வரிசையைத் தாண்டுகிறாரோ, அங்கே கோபப்படுங்கள். நானும் கூட வருகிறேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சோனார்பூர்: “பெட் இல்லை, வேறெங்காவது கொண்டுபோங்கள்” என்று சொல்ல மருத்துவமனைக்கு உரிமை உண்டா?

கிடையாது. அரசு மருத்துவமனைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்ல வைத்தவர் நீங்கள் வேலை பார்த்த அதே சியால்தா தெற்குப் பாதையில் விழுந்த ஒரு மனிதர். ரயில்வேக்காரரான உங்களுக்கு அந்தக் கதையை நிதானமாகவே சொல்கிறேன்.

1992 ஜூலை 8, இரவு ஏழேமுக்கால். விவசாயத் தொழிலாளர் சங்கமான பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதியின் உறுப்பினர் ஒருவர் மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. டயமண்ட் ஹார்பருக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோகச் சொன்னார்கள். நள்ளிரவு நெருங்கும்போது சியால்தா ஸ்டேஷன் அருகே இருக்கும் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனைக்கு வந்தார்கள். மண்டைக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்று எழுதினார். பெட் இல்லை. அங்கிருந்து கல்கத்தா மெடிக்கல் காலேஜ். பெட் இல்லை. இரவு ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் மருத்துவமனை. நரம்பியல் அவசரப் பிரிவு அங்கே இல்லை. இரண்டு மணிக்கு நேஷனல் மெடிக்கல் காலேஜ். பெட் இல்லை. காலை எட்டு மணிக்கு பாங்கூர் நரம்பியல் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது. ஆனால் அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. அங்கேயும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் கல்கத்தா மெடிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற தனியார் மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. ஜூலை 22 வரை அங்கே இருந்தார். செலவு 17,000 ரூபாய். 1992-ல் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பிழைத்தார். சங்கமும் அவரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதியின் குழு, இவ்வளவு மோசமான நிலையில் வந்தவரை டிராலியிலோ தரையிலோ படுக்கவைத்தாவது சேர்த்திருக்க வேண்டும் என்றது. 1996 மே 6 அன்று நீதிபதிகள் எஸ்.சி. அகர்வாலும் ஜி.டி. நானாவதியும் தீர்ப்பளித்தார்கள். அரசு மருத்துவமனை நேரத்துக்குச் சிகிச்சை தராவிட்டால் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியதாகும். நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது. இவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிக முக்கியமாகப் படுவது அடுத்து வரும் ஏற்பாடு. எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நோயாளியை நேரே அங்கே அனுப்ப, மாநில அளவில் மையத் தகவல் தொடர்பு வேண்டும் என்றார்கள். அன்றிரவு அந்த மனிதரோடு வந்தவர்கள் வாசல் வாசலாகப் போய்க் கண்டுபிடித்ததை, மதுராபூரில் ஒருவர் போனை எடுத்துக் கேட்டே தெரிந்துகொண்டிருக்கலாம்.

இனி 2024-க்கு வாருங்கள். கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் கொல்லப்பட்ட பிறகு ஜூனியர் டாக்டர்கள் பத்துக் கோரிக்கைகள் வைத்து, அக்டோபர் 5 முதல் தர்மதலாவில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். கோரிக்கைகளில் ஒன்று மையப் பரிந்துரை முறை. இன்னொன்று, எத்தனை பெட் காலி என்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் காட்டும் டிஜிட்டல் பலகை. 1996-ல் நீதிமன்றம் போட்ட உத்தரவைக் கேட்டு, 28 வருஷம் கழித்து, இளம் டாக்டர்கள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. அந்த மாதமே சோதனை முயற்சியாக அரசு அதை ஒரு கிராமப்புற மருத்துவமனையில் தொடங்கியது. எங்கே தெரியுமா? உங்கள் சோனார்பூரில். மதுராபூரில் அந்த மனிதர் விழுந்த அதே ரயில் பாதையில்.

பள்ளி ஆசிரியை, ஜாதவ்பூர்: அந்தக் கொலையைக் கண்டித்து 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் 8பி பஸ் ஸ்டாண்டில் நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. டாக்டர்களின் பாதுகாப்பு வேறு, நோயாளிகளின் பாதுகாப்பு வேறு என்று என் கணவர் சொல்கிறார்.

அன்றிரவு நடந்ததை அவருக்கு நினைவூட்டுங்கள். நீங்கள் 8பி-யில் நின்றுகொண்டிருந்த அதே இரவில், வடக்குக் கல்கத்தாவில் ஒரு கும்பல் ஆர்.ஜி. கர் மருத்துவமனைக்குள் புகுந்து எமர்ஜென்சி பிரிவை அடித்து நொறுக்கியது. அவர்கள் உடைத்தவை நோயாளிகளுக்கான கட்டில்கள், மருந்துகள், கருவிகள். நர்ஸுகள் உயிருக்குப் பயந்து ஒளிந்த அந்த நேரத்தில் மாரடைப்போடு ஒருவர் வந்திருந்தால் அவரை யார் பார்த்திருப்பார்?

ஆகஸ்ட் 9-ல் கொல்லப்பட்ட அந்த டாக்டர், 36 மணி நேரப் பணியின் நடுவே சற்றுக் கண்ணயர கருத்தரங்கு அறைக்குப் போனவர். பூட்டிக்கொண்டு படுக்க ஓர் அறை அவருக்கு இல்லை. முப்பதாவது மணி நேரத்தில் ஒரு டாக்டர் கணக்கிடும் மருந்தின் அளவு தப்பாகப் போனால் அது நோயாளியின் உடம்பில்தான் ஏறும். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, ஆகஸ்ட் 20-ல் தேசியப் பணிக்குழு அமைத்து, மருத்துவமனைக்கு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையையும் அனுப்பியது. துப்பாக்கி ஏந்தியவர் வாசலில் நிற்கட்டும். அதைவிட எனக்கு வேண்டியவை வேறு: ஒரு நோயாளியோடு இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடாத கதவு, தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை, இருட்டில்லாத வராந்தா, உள்ளே என்ன நடக்கிறது என்று காத்திருக்கும் உறவினர்களிடம் அரைமணிக்கு ஒருமுறை வந்து சொல்லும் ஒரு ஊழியர். அடிதடி பெரும்பாலும் தொடங்குவது, யாரும் எதுவும் சொல்லாமல் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட கூட்டத்தில்.

ஒரு வாசகர், டாக்குரியா: ஆம்ரி மருத்துவமனைத் தீ விபத்தைப் பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தவன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த வாசலைக் கடக்கும்போது மனது பதறுகிறது. என்னதான் தவறிப்போனது?

2011 டிசம்பர் 9, விடிவதற்கு முன். கார் நிறுத்த அனுமதி வாங்கிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். தீ அங்கேயே கிடந்தது. புகை மேலே ஏறியது. ஏ.சி. குழாய்கள் வழியாக ஒவ்வொரு வார்டுக்கும் போனது. முகப்பு முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. சுமார் 90 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லோரையும் கொன்றது புகை. எழுந்து நடக்க முடியாதவர்கள், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கள், மயக்கத்தில் இருந்தவர்கள்.

புகையை முதலில் பார்த்து ஓடிவந்தவர்கள் அடுத்திருக்கும் பஞ்சானன்தலா குடிசைப் பகுதி இளைஞர்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தீயணைப்புத் துறைக்குத் தகவல் போகவும் தாமதமானது. அதற்குப் பிறகும் அந்த இளைஞர்கள் போகவில்லை. மூங்கில் கட்டி, கயிறு போட்டு, கண்ணாடியை உடைத்து நோயாளிகளை இறக்கினார்கள். உள்ளே, கேரளத்திலிருந்து வந்து வேலை பார்த்த ரெம்யா ராஜன், பி.கே. வினீதா என்ற இரண்டு இளம் நர்ஸுகள் தங்கள் வார்டு நோயாளிகளை வெளியேற்றினார்கள். இன்னும் ஒருவரைக் கொண்டுவரத் திரும்பிப் போனவர்கள் வரவில்லை. ஐந்து நட்சத்திர வசதி என்று சொல்லிக்கொண்ட கட்டடத்தில், அன்றைக்குத் தயாராக இருந்தவர்கள் இந்த நர்ஸுகளும் அந்தக் குடிசைவாசிகளும்தான். இதை என்னால் கோபமில்லாமல் எழுத முடியவில்லை.

கல்கத்தாவோடு முடிந்த கதை இல்லை இது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த முறை யாரையாவது பார்க்க மருத்துவமனைக்குப் போனால் படிக்கட்டு எங்கே என்று தேடிப் போய்ப் பாருங்கள். கதவு பூட்டியிருந்தாலோ, படியில் பழைய கட்டில்களும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருந்தாலோ, நிர்வாகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் எழுதுங்கள். போட்டோவோடு எழுதுங்கள்.

ஒரு வாசகர், கோவை: முன்பணம் கட்டாமல் தொடமாட்டோம் என்கிறார்களே?

உயிருக்கு ஆபத்தான நிலையில் அப்படிச் சொல்வது சட்டப்படி தவறு. 1989 ஆகஸ்ட் 28-ல் வந்த பரமானந்த் கட்டாரா வழக்கின் தீர்ப்பைச் சொல்லுங்கள். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும்; போலீஸ், பதிவு எல்லாம் பிறகு. காரில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரை “போலீஸ் கேஸ், நாங்கள் பார்ப்பதில்லை” என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த மருத்துவமனைக்கு அனுப்பி, அவர் வழியிலேயே இறந்ததுதான் அந்த வழக்கின் ஆரம்பம். அந்தத் தீர்ப்பு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும்.

ஒரு வாசகி, விழுப்புரம்: விபத்தில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மைச் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயரைக்கூடச் சொல்லாமல் கிளம்பலாம். உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில், மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ல் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்துச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவுகளை வைத்து, வந்தவுடன் நிறம் பிரித்துப் பார்க்கும் முறையை ஏற்படுத்திய பிறகு வந்த திட்டம் அது. அந்த வரிசை முக்கியம். காசு கொடுக்க ஆள் இருந்து, காயத்தைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. மேற்கு வங்கம் உட்பட எல்லா மாநிலமும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்காக ஒரு வாசகி, ஜாதவ்பூர்: எங்கள் வீட்டுக்கு விடியற்காலை ரயிலில் கேனிங்கிலிருந்து வருகிறவரின் மகனைப் பாம்பு கடித்தது. முதலில் வயிற்றுவலி என்று மருந்து கொடுத்து அனுப்பினார்களாம். எப்படி இது நடக்கும்?

கட்டுவிரியனாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். வங்காளத்தில் அதைக் காலாச் என்பார்கள். ராத்திரி, தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, பிறகு கண்ணிமை தானாகச் சரியும். அந்த இமையைப் பார்த்தவுடன் “ராத்திரி எங்கே படுத்தாய், தரையிலா, கொசுவலை கட்டினாயா?” என்று கேட்கத் தெரிந்த டாக்டர்தான் தயாரான டாக்டர். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். சுந்தரவனத்துப் பக்கத்து எமர்ஜென்சிகளில் இரவுப் பணிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. அவர்கள் கைத்திறனால் பிழைத்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஆனால் பாம்பின் விஷம் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் நல்லபாம்புக்குப் படத்தில் மூக்குக்கண்ணாடி போல இரட்டை வளையம். வங்காளத்தில் கேவுட்டே எனப்படும் நாகத்துக்கு ஒற்றை வளையம், இனமே வேறு. தமிழ்நாட்டில் பிடித்த பாம்பின் விஷத்தில் செய்த மருந்தை வங்காளத்தில் கடிபட்டவருக்குப் போடும்போது அது அதே அளவு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. வங்காளத்துப் பாம்புகளின் விஷத்தை வங்காளத்திலேயே எடுத்து மருந்து செய்ய வேண்டும். அதுவரை கையில் இருக்கும் மருந்தை நேரத்துக்குப் போடுவதும், மூச்சுத் தசை செயலிழந்தால் வென்டிலேட்டரில் வைப்பதும்தான் வழி. அந்தப் பையனை இனி கொசுவலைக்குள், கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள்.

பொறியாளர், கரியா: மழை நின்ற பிறகும் எங்கள் தெருவில் தண்ணீர் வடிவதில்லை. மருத்துவமனைகள் இதற்குத் தயாரா?

ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்: ஜெனரேட்டர். அது அடித்தளத்தில் இருந்தால் தயாரில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் புகுந்து ஜெனரேட்டர் நின்றபோது, தீவிர சிகிச்சையில் இருந்தவர்களை இழந்தோம். 2025 செப்டம்பர் 23 விடிவதற்குள் உங்கள் கரியா பக்கம் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆக்ஸிஜன் இணைப்பு, ரத்த வங்கியின் குளிர்பெட்டி, ஸ்கேன் எந்திரம், மின்பலகை ஆகியவை எந்த மாடியில் இருக்கின்றன என்று பொறியாளரான நீங்கள் போய்ப் பார்த்தால் நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கும். போங்கள்.

ஒரு மகள், துபாய்: அப்பாவும் அம்மாவும் ஜாதவ்பூரில் தனியாக இருக்கிறார்கள். இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், எங்கே இரவிலும் இதய அடைப்பு நீக்குகிறார்கள் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே இடமாக இல்லாமல் போகலாம். கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள்: சாப்பிடும் மருந்துகள், சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார்களா. கடைசியில் சொன்னதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுக்கும்போது அதைத்தான் கேட்பார்.

கூடவே இன்னொன்றும் கேட்பார்: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் ராத்திரி படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அதனால் தினமும் இரவு படுக்கும் முன் அப்பாவையோ அம்மாவையோ உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் இன்னொன்று. காலை மெசேஜ் வரவில்லை என்றால் கீழ் வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள்.